நந்தினியும் பெரியநங்கைச் சானியும்

கதைக்கென்று படைக்கப்பட்ட மாந்தருள் ஒரு சிலர் கதையின் எல்லையைக் கடந்து வந்து, மண்ணில் வாழ்ந்து மறைந்தவர்களைப்போல் மக்கள் உள்ளத்தில் இடம்பெற்றுவிடுகின்றனர். அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்னும் வரலாற்றுப் புதினத்தில் வரும் பழுவூர் இளையராணி நந்தினி அத்தகையவள். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு, ரந்தாவ், சிலியாவ், லின்சம், பகாவ் முதலிய தோட்டப்புறங்களில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சோழர் வரலாற்றைத் தொடங்குவாராயின், வகுப்பில் எழும் முதல் வினா இராசராசனைப் பற்றியதாக இராது, “நந்தினி உண்மையிலேயே இருந்தாளா?” என்பதாகவே இருக்கக்கூடும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் அக்கதை திரைப்படமாக வெளிவந்த பின்னர், இவ்வினா இன்னும் வலுப்பெற்றுள்ளது.

இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம்: இல்லை. நந்தினி கல்கியின் கற்பனை. ஆயினும் அவ்வளவோடு விட்டுவிடுவது வினாவுக்கும் நீதியாகாது; வரலாற்றுக்கும் நீதியாகாது. எந்தக் கொலையைச் சுற்றி நந்தினி படைக்கப்பட்டாளோ, அந்தக் கொலையைப் பற்றிய கல்வெட்டு ஒன்று இன்றும் இருக்கின்றது. அக்கல்வெட்டில் அரசியர் எவர் பெயரும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் இருக்கின்றது. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர். கதையில் உள்ள பெண்ணையும் கல்லில் உள்ள பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரகசியச் சபதம் என்பது யாரைப் பற்றி இழுக்கின்றது, அதன் விலையை யார் கொடுக்கின்றனர் என்பன நன்கு விளங்கும்.

கதை வெளிவந்த காலம்

‘பொன்னியின் செல்வன்’ 1950ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் ‘கல்கி’ வார இதழில் தொடங்கி, 1954ஆம் ஆண்டு வரையில் வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களை உடையது. அது நிறைவுற்ற அதே ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் ஆசிரியர் கல்கி மறைந்தார்.

அந்த ஆண்டுகள் மலாயாத் தோட்டங்களுக்கு எளிய ஆண்டுகள் அல்ல. 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் தொடங்கிய அவசரகாலம் 1960ஆம் ஆண்டு வரை நீடித்தது. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டிலிருந்து வந்து அரிசி கேட்போர் ஒரு புறம். கொடுத்தவர் யார் என விசாரிக்கும் காவற்படையினர் மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவே, விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் நம் மக்கள். இரகசியம், சபதம், ஐயம், காட்டிக்கொடுத்தல் என்பன அவர்களுக்குக் கதைப்புத்தகத்துச் சொற்கள் மட்டும் அல்ல.

நந்தினி சிக்கிய வகை

நந்தினியைக் கொடியவள் என்று ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் வாசகர் உளர். கல்கி அவ்வாறு படைக்கவில்லை. அவள் இரகசியக் கூட்டத்தில் சேரும் வழியை அவர் படிப்படியாகக் காட்டுகின்றார். அப்படிகளை ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துக் கூறுதல் நலம்.

முதற்படி, பிறப்பைப் பற்றிய தெளிவின்மை. தாய் யார், தந்தை யார் என்று உறுதியாக அறியாத பெண்ணாக, திருமலை என்னும் ஆழ்வார்க்கடியானின் குடும்பத்தில் வளர்கின்றாள். இரண்டாம் படி, அவமதிப்பு. அரசிளங்குமரன் ஆதித்த கரிகாலன் அவள்மீது அன்பு கொள்கின்றான். அரண்மனையாரோ அவளை விலக்குகின்றனர். மூன்றாம் படி, இழப்பு. போரில் புண்பட்டுக் கிடந்த வீரபாண்டியனின் உயிரைக் காக்கும்படி அவள் கரிகாலனிடம் இறைஞ்சுகின்றாள். அவள் கண்ணெதிரிலேயே வீரபாண்டியன் கொல்லப்படுகின்றான். இம்மூன்றும் நிகழ்ந்த பின்னரே நான்காம் படியாகச் சபதம் வருகின்றது. பாண்டியனின் ஆபத்துதவிகள் அவளைத் தேடி வருகின்றனர். துயருற்ற ஒருத்திக்கு ஆறுதலாக முதலில் பழி வாங்கும் நோக்கத்தை அளிக்கின்றனர். பின்னர் அந்நோக்கத்தையே விலங்காக்கி அவளைப் பிணிக்கின்றனர்.

அதன்பின் அவள் முதியவராகிய பெரிய பழுவேட்டரையரை மணந்து இளையராணி ஆகின்றாள். சோழநாட்டின் தனாதிகாரி அவர். ஆகவே சோழரின் கருவூலப் பொன்னே சோழரை அழிக்க முற்பட்டோர் கைக்குப் போகின்றது. இதே வேளையில் மற்றொரு சதியும் நடக்கின்றது. சிற்றரசர் பலர் கடம்பூர் மாளிகையில் கூடி, மதுராந்தகனை அரியணை ஏற்றத் திட்டமிடுகின்றனர். இளையராணியின் மூடுபல்லக்கில் மறைந்து வந்தவன் அந்த மதுராந்தகனே. இவ்வாறு, ஒன்றையொன்று அறியாத இரண்டு சதிகளிலும் கால் வைத்து நிற்பவள் நந்தினி ஒருத்திதான்.

திருப்புறம்பயம் பள்ளிப்படைக்கு அருகே நள்ளிரவில் ஆபத்துதவிகள் கூடும் பகுதி இவ்வகையில் கருதத் தக்கது. அங்கே ஒரு சிறுவனைப் பாண்டியனாக முடி சூட்டுகின்றனர். மீன் இலச்சினை பொறித்த வாள் நந்தினியின் கைக்கு வருகின்றது. அவள் அங்கே அரசிபோல் நிற்கின்றாள். ஆனால் இரவிதாசன் அவளை ஐயத்தோடு நோக்கிக்கொண்டே இருக்கின்றான். கூட்டம் அவளுக்குத் தலைமை தந்ததுபோல் தோன்றும். உண்மையில் தந்தது காவல். பின்வாங்க வழி இல்லை. இரகசியக் கூட்டங்களின் இயல்பைத் தமிழ்ப் புதினங்களுள் இவ்வளவு நுட்பமாகக் காட்டும் பகுதிகள் அரியவை.

ஆபத்துதவிகள் யார்?

‘தென்னவன் ஆபத்துதவிகள்’ என்னும் பெயர் கல்கி புனைந்தது அன்று. பாண்டிய மன்னரின் மெய்காவற் படையினர்க்கு வழங்கிய பெயர் அது. மன்னர்க்கு இடர் வருங்கால் தம் உயிரைக் கொடுத்தும் காக்க உறுதி பூண்டவர்கள் இவர்கள். சோழநாட்டில் இத்தகையோர் வேளைக்காரர் எனப்பட்டனர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, மன்னன் இறந்தால் அவனுக்கு உறுதி கூறிய வீரர்கள் அவனுடைய ஈமத்தீயிலேயே பாய்ந்து உயிர் விடுவர் என்று எழுதியுள்ளார்.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். மெய்காவற்படை என்பது இரகசியக் கூட்டம் அன்று. அது அரசவையில் வெளிப்படையாக நின்ற படை. அதன் உறுதிமொழியும் ஊரறிந்தது. காக்க வேண்டிய மன்னன் மாண்ட பிறகு, அந்த உறுதிமொழி என்ன ஆகும் என்று கல்கி எண்ணிப் பார்த்தார். வெளிச்சத்தில் செய்த சபதம் இருட்டுக்குள் போகின்றது. காவல் பழிவாங்கலாகத் திரிகின்றது. வரலாற்றுப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளுறையாகப் புதியதோர் இரகசியக் கூட்டத்தை அவர் படைத்த திறம் இதுவே.

கல் கூறும் செய்தி

இனி வரலாற்றைக் காண்போம். சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். சேவூர்ப் போரில் வீரபாண்டியனை வென்று, ‘பாண்டியன் தலைகொண்ட’ என்னும் அடைமொழி பெற்றவன். கி.பி. 970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவன் கொலையுண்டான். அவனுக்குப் பின் அரியணை அவன் தம்பி அருள்மொழிக்கு உடனே வரவில்லை. சிற்றப்பன் முறையினனாகிய உத்தம சோழன் 985 வரை ஆண்டான். அதன்பின்னரே அருள்மொழி இராசராசனாக முடி சூடினான்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் சுவரில் உள்ள கல்வெட்டு, இராசகேசரிவர்மனின் 2ஆம் ஆட்சியாண்டுக்கு உரியது. இவ்விராசகேசரி இராசராசனே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அவ்வாறாயின் கல்வெட்டின் காலம் கி.பி. 987ஐ ஒட்டியது. கல்வெட்டுத் துறையினர் 1920ஆம் ஆண்டில் இதனைப் படியெடுத்தனர். பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் பின்னர் இதனைப் பதிப்பித்தார்.

வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு அரசன் விடுத்த திருமுகத்தை அது கூறுகின்றது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சிலர் பெயர் அதில் வருகின்றது: சோமன்; அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன்; அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராசன்; உடன்பிறந்தவனாகிய மலையனூரான். பிரமாதிராசன் என்பது அரசாங்கத்தில் உயர்ந்த அலுவல் வகித்த அந்தணர்க்கு மன்னர் வழங்கிய பட்டம். ஆகவே கொலையாளிகள் காட்டில் ஒளிந்து திரிந்த மந்திரவாதிகள் அல்லர், அரசின் அலுவலர்கள்.

கல்வெட்டு கூறாதவற்றையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். கொலை எங்கே நடந்தது என்று அது கூறவில்லை. கடம்பூர் மாளிகை அதில் இல்லை. எதற்காக நடந்தது என்று கூறவில்லை. எவர் ஏவினர் என்று கூறவில்லை. பழுவூர் அரசி எவரையும் குறிக்கவில்லை.

அறிஞர் கருத்து வேறுபாடு

கல்வெட்டின் மௌனத்தை நிரப்ப அறிஞர்கள் முயன்றனர். நீலகண்ட சாத்திரியார், உத்தம சோழனுக்கும் இக்கொலையில் தொடர்பு இருந்திருக்கலாம் என ஐயுற்றார். அவன் ஆண்ட பதினைந்து ஆண்டுகளில் கொலையாளிகள் தண்டிக்கப்பட்டதாகச் சான்று இல்லாமையும், இராசராசன் முடி சூடிய இரண்டாம் ஆண்டிலேயே நடவடிக்கை காணப்படுவதும் அவ்வையத்திற்கு இடமாயின. தி. வை. சதாசிவ பண்டாரத்தாரோ இக்கருத்தை ஏற்கவில்லை. உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவியார் இராசராசன் காலத்திலும் பெருமதிப்போடு விளங்கினார். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில்களை ஆராயும் உயர் அலுவலில் இருந்தான். தமையனைக் கொல்வித்தவனின் மகனுக்கு ஒரு மன்னன் இத்தகைய பொறுப்பை அளிப்பானா என்பது எண்ணத் தக்கது.

உடையார்குடிக் கல்வெட்டு ஓர் ஊர்ச் சபையின் எல்லைக்குட்பட்ட நிலத்தைப் பற்றியது மட்டுமே என்பதையும் மறத்தல் ஆகாது. அதுவே முதல் தண்டனை என்று கொள்வதற்கு அதன் வாசகத்தில் ஆதாரம் இல்லை. ஒரு சுவரில் எஞ்சிய ஓர் ஆவணத்தைக் கொண்டு, பதினைந்து ஆண்டுகள் யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டுவது அரிது.

கொலையாளிகள் பாண்டியரின் ஆட்கள் என்னும் கருத்துக்கு ‘பஞ்சவன்’ என்னும் பட்டமே பெரும் சான்றாகக் காட்டப்படுகின்றது. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். ஆனால் அதே இரவிதாசனின் தம்பி ‘இருமுடிசோழ’ என்னும் சோழர் பட்டத்தைத் தாங்கியவன். மேலும் இராசராசனின் தேவியருள் ஒருவர் பெயரே பஞ்சவன் மாதேவியார். அவர்க்கு எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் பட்டீச்சுரத்தின் அருகே உள்ளது. பாண்டியனை வென்ற பெருமையால் சோழரும் அப்பெயரை மேற்கொண்டனர். எனவே பட்டத்தை மட்டும் கொண்டு ஒருவனைப் பாண்டியன் கட்சியினன் என்று துணிதல் இயலாது. கல்கி எடுத்துக்கொண்டது இயலக்கூடிய ஒரு விளக்கம்; நிறுவப்பட்ட உண்மை அன்று.

கல்லில் உள்ள பெண்

இப்பொழுது அந்தப் பெண்ணிடம் வருவோம். அரசனின் ஆணை கொலையாளிகளோடு நின்றுவிடவில்லை. அவர்களின் மக்கள், மனைவியர், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்த மாமன்மார், அவர்களின் உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், அவர்களின் மகளிரை மணந்தவர்கள் என்று அது நீண்டு செல்கின்றது. இவ்வனைவரின் உடைமையும் பறிமுதல். இவ்வாறு பறிக்கப்பட்ட நிலங்களைக் குறிக்குமிடத்தில், இரேவதாச கிரமவித்தன், அவன் மகன் ஆகியோரோடு, தாய் என்னும் முறையில் பெரியநங்கைச் சானி என்னும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. சானி என்பது அந்தணப் பெண்டிர் பெயரோடு கல்வெட்டுகளில் வரும் சிறப்புச்சொல்.

அவள் வாள் ஏந்தியதாகக் கல்வெட்டு கூறவில்லை. சபதம் செய்ததாகக் கூறவில்லை. சதியை அறிந்திருந்தாள் என்றும் கூறவில்லை. அவள் ஒரு தாய், அவள் பெயரில் நிலம் இருந்தது, அந்நிலம் போயிற்று. கொலை நடந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னர் இது நிகழ்ந்தது. அந்நிலத்தைப் பிறர் விலைகொடுத்து வாங்கிக் கோயிலில் உணவிடும் அறத்துக்கு வைத்தனர். அந்த அறத்தைப் பதிவு செய்வதற்காகத்தான் கல்வெட்டே வெட்டப்பட்டது. கொலையைப் பற்றிய செய்தி, நிலத்தின் வரலாறு கூறுமுகத்தான் இடையே வந்தது. அறம் நிலைத்தது, துரோகிகள் பெயரும் நிலைத்தது, இடையில் அகப்பட்ட ஒரு தாயின் பெயரும் உடன் நிலைத்தது.

நந்தினியைக் கோடிக்கணக்கானோர் அறிவர். ஓவியர் மணியத்தின் தூரிகையும் பின்னர்த் திரையும் அவளுக்கு முகம் கொடுத்தன. உண்மையில் வாழ்ந்த பெரியநங்கைச் சானிக்கோ முகமில்லை; ஒரு வரி மட்டுமே உண்டு.

புளோரன்சு நகரத்தின் ஓர் ஒப்புமை

இத்தகைய நிகழ்ச்சி சோழநாட்டுக்கு மட்டும் உரியது அன்று. இத்தாலி நாட்டில் மறுமலர்ச்சிக் காலத்தில் நடந்த பாட்சி சதியை இதனோடு ஒப்பிடலாம். 1478ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, புளோரன்சு நகரத் தலைமைக் கோயிலில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது, மெடிச்சிக் குடும்பத்து இளையோன் சூலியானோ குத்திக் கொல்லப்பட்டான். அவன் தமையன் லொரென்சோ காயத்தோடு தப்பினான். சதி செய்தோருள் முதன்மையானோர் பாட்சி என்னும் பெருஞ்செல்வக் குடும்பத்தினர்.

லொரென்சோவின் உடன்பிறந்தாள் பியாங்கா. அவளுடைய கணவன் குலியெல்மோ பாட்சிக் குடும்பத்தவன். ஒரே நாளில் அவளுடைய தம்பி கொலையுண்டான். கொன்றோருள் ஒருவன் அவளுடைய கணவனின் உடன்பிறந்தான். அவளுக்காகக் கணவனின் உயிர் தப்பியது. ஆனால் அவன் நகரத்தை விட்டு அகற்றப்பட்டான். பின்னர் நகர ஆட்சியினர் ஓர் ஆணை பிறப்பித்தனர். பாட்சி என்னும் பெயரும் குடும்பச் சின்னமும் எங்கும் இருத்தல் கூடாது. அக்குடும்பத்துப் பெண்களை மணப்போர் அரசாங்கப் பதவிகளுக்குத் தகுதி இழப்பர்.

உடையார்குடி ஆணைக்கும் புளோரன்சு ஆணைக்கும் ஏறத்தாழ 490 ஆண்டு இடைவெளி. ஒன்றையொன்று அறியாத இரு நாடுகள். ஆயினும் இரண்டு ஆணைகளும் பெண்ணை மணந்தவனைத் தேடிப் பிடிக்கின்றன. குற்றத்தைச் செய்தவர்கள் ஆடவர். குற்றத்தின் நிழல் பரவும் வழி பெண். மகளாகவும் சகோதரியாகவும் மனைவியாகவும் அவள் இணைக்கும் உறவுகளே தண்டனை செல்லும் பாதையாகிவிடுகின்றன.

பழிவாங்கும் இடத்திலும் பெண் நின்றதுண்டு. அதே சதியில் பங்குகொண்டவனும் போர்லி நகரத் தலைவனுமாகிய சிரோலமோ ரியாரியோ, 1488ஆம் ஆண்டில் ஓர்சி குடும்பத்தாரால் கொல்லப்பட்டான். அவன் மனைவி கத்தரீனா சுபோர்சா நகரத்தை மீட்டபின், கொலையாளிகள் தப்பியோடிவிட்ட நிலையில், அவர்களுடைய முதிய தந்தையைக் கொடிய முறையில் கொல்வித்தாள். உயர்குடிப் பெண் சதியில் அகப்பட்டாலும் அழிவு. சதிக்குப் பழி தீர்க்க முற்பட்டாலும், குற்றமற்ற ஒருவரின் தலையில் இடி.

இந்த நாட்டில்

நெகிரி செம்பிலான் மண்ணுக்கும் இரகசியக் கூட்டங்கள் புதியவை அல்ல. இன்று சிரம்பான் இருக்கும் பகுதி முன்னாளில் சுங்கை ஊஜோங் எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஈயச் சுரங்கங்களில் உழைக்க வந்த சீனத் தொழிலாளரிடையே கீ ஹின், ஹாய் சான் முதலிய கூட்டங்கள் இருந்தன. உறவினர் இல்லாத நாட்டில், நோயுற்றால் பார்க்கவும் இறந்தால் அடக்கம் செய்யவும் ஆளாக நின்றவை அவை. உதவி முதலில் வந்தது. சபதம் அடுத்து வந்தது. சண்டை அதன்பின் வந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1890 முதல் நடைமுறைக்கு வந்த சங்கச் சட்டம் இத்தகைய கூட்டங்களைத் தடை செய்தது. நந்தினி ஏறிய படிகளும் இவையே என்பதை ஊன்றி நோக்குவோர் காண்பர்.

குற்றத்தின் நிழல் சுற்றத்தின்மேல் விழுவதையும் இந்நாடு கண்டுள்ளது. 1952ஆம் ஆண்டு பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிம் அருகே பன்னிருவர் கொல்லப்பட்டபோது, உயர் ஆணையர் டெம்ளர் அவ்வூர் முழுவதுக்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். கொன்றவர் காட்டில் இருந்தனர். பட்டினி கிடந்தவர் ஊரில் இருந்தனர்.

இன்னொன்றும் இங்கே நினைக்கத் தக்கது. நெகிரி செம்பிலான் மலாய் மக்களின் அடாட் பெர்பாத்தே என்னும் மரபில், குடிவழி தாய்வழியே கணக்கிடப்படுகின்றது. மரபுநிலம் பெண்வழியே இறங்குகின்றது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் அம்மரபு நிலவுடைமைக்குப் பாதுகாப்பு அளித்தது. பெண் இணைக்கும் உறவின் வழியே உரிமையும் செல்லக்கூடும், தண்டனையும் செல்லக்கூடும் என்பதற்கு, பக்கத்துக் கம்பத்து வாழ்வும் உடையார்குடிக் கல்லும் இரு வேறு சான்றுகள். மாணவர்க்கு இவ்வொப்புமையை எளிதில் விளக்கலாம்.

ஆசிரியர் செய்யத் தக்கது

வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போது கரும்பலகையை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்வது பயன் தரும். முதற்பகுதியில் கல்வெட்டு கூறுவன: கரிகாலன் கொலையுண்டமை, கொலையாளிகளின் பெயர்கள், நிலப் பறிமுதல், பெரியநங்கைச் சானி. இரண்டாம் பகுதியில் அறிஞர் உய்த்துணர்ந்தன: உத்தம சோழனைப் பற்றிய ஐயமும் அதன் மறுப்பும், பாண்டியர் தொடர்பு. மூன்றாம் பகுதியில் கதாசிரியர் படைத்தன: நந்தினி, கடம்பூர் மாளிகையில் நடந்த கொலை, திருப்புறம்பயத்து நள்ளிரவு முடிசூட்டு. வந்தியத்தேவன் எப்பகுதியைச் சேர்ந்தவன் என்று மாணவரைக் கேட்கலாம். அவன் குந்தவையாரின் கணவன் என்பது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் உள்ளது. அவனுடைய வீரச் செயல்கள் கதையில் உள்ளன. ஒருவனே இரண்டு பகுதிகளிலும் நிற்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். இம்மூன்றையும் பிரித்தறியக் கற்றவன், நாளை ஒரு வதந்தியைக் கேட்டாலும் அவ்வாறே பிரித்தறிவான்.

இதில் மொழிப்பாடத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பயனும் உண்டு. கடந்த சில பத்தாண்டுகளில் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின. லயத்தை விட்டு நகர் ஓரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்கள் கோயிலையும் பள்ளியையும் பழகிய அயலாரையும் ஒருங்கே இழந்தன. இத்தகைய இடங்களில் இளைஞர் சிலர் குண்டர் கும்பல்களால் ஈர்க்கப்பட்டனர் என்பது ஆசிரியர்கள் அறியாதது அன்று. 2013ஆம் ஆண்டு மலேசிய உள்துறை அமைச்சு 49 குழுக்களைச் சட்டவிரோதமானவை என்று பெயர் கூறி அறிவித்தது. சேரும் இளைஞன் தன்னை வீரனென எண்ணிக்கொள்வான். அவன் தாய், காவல் நிலைய வாசலில் நிற்கும்போதும், வழக்குச் செலவுக்குத் தாலிக்கொடியை அடகு வைக்கும்போதும், தான் செய்யாத சபதத்துக்கு விலை கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அறிவுரையாகக் கூறினால் இளைஞர் செவி சாய்ப்பதில்லை. கதையாகக் கூறினால் கேட்பர். நந்தினியின் கதையை அவர்கள் முன்னரே விரும்பிக் கேட்டிருக்கின்றனர். அவள் பேரழகையும் வஞ்சினத்தையும் கூறிய பின்னர், உடையார்குடிக் கல்லில் உள்ள அந்த ஒரு பெயரையும் ஆசிரியர் கூறட்டும். சபதம் செய்தவர் ஒரு சிலர். அவர்களுக்குப் பெண் கொடுத்தவரும், அவர்களிடம் பெண் எடுத்தவரும், பெற்ற தாயும் நிலமிழந்தனர் என்னும் செய்தியைக் கேட்கும் மாணவர், அதில் தம் வீட்டாரின் முகங்களைத் தாமே காண்பர்.

நந்தினி உண்மையில் இருந்தாளா என்னும் வினாவுக்கு இனி முழுமையாக விடை கூறலாம். நந்தினி இருந்ததில்லை. பெரியநங்கைச் சானி இருந்தாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவள் பெயர் அந்தச் சுவரில் இருக்கின்றது.